ஒரு லாட் டாலரும் பதினொரு நிமிடமும்

ரேவதி போன வாரம் போன் செய்து, கரன்சி வர்த்தகத்தின் நன்மைகள் என்று ஐந்து பாயிண்ட் எழுதித் தரச் சொன்னாள். ஒரு காலத்தில் பெரம்பலூரில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். இப்போது திருச்சியில் ஒரு முதலீட்டு ஆலோசனை ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள்.

"மத்த முதலீட்டோட ஒப்பிட்டா கரன்சில என்ன லாபம்னு அஞ்சே அஞ்சு பாயிண்ட் சார். புள்ளைங்க போன்ல கண்ட விளம்பரத்தையும் பாத்துட்டு வந்து என்னைக் கேக்குதுங்க. நீங்க அனுபவஸ்தர்."

"எழுதிடறேன்மா."

"கட்டுரையா எழுதிடாதீங்க சார்."

அந்தப் பயம் அவளுக்கு நியாயமானது. பக்கத்து நாற்காலியில் இருந்தபோது, ஒரு நாள் விடுப்புக்கு நான் எழுதிய விண்ணப்பம் மூன்று பக்கம் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் ஊரில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: நிறையச் சம்பாதித்துவிட்டானா, இல்லை துரத்திவிட்டார்களா? மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. என் விஷயத்தில் ஆபீஸே ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு முன்பு நான் ஒரு நூற்பாலையில் குமாஸ்தா. அதையும் மூடினார்கள். நான் கால் வைக்கிற இடமெல்லாம் மூடிவிடும் என்று என் மச்சான் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். என்னைக் கடை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார்.

பாயிண்ட்டுக்கு வருகிறேன்.

முதலாவது, குறைந்த முதல். எங்கள் தொழிலில் ஒரு லாட் என்றால் ஆயிரம் டாலர். ரூபாயில் அதன் பெறுமானம் எண்பதாயிரத்துக்கு மேல். ஆனால் அவ்வளவு பணம் கொண்டுவரத் தேவையில்லை. மார்ஜின் என்கிற முன்பணம் இரண்டாயிரம் சொச்சம் இருந்தால் போதும். அந்தப் பணத்துக்குப் பெரம்பலூரில் நிலம் கேட்டால் தரகர் உட்காரக்கூடச் சொல்லமாட்டார். நகைக்கடையில் கேட்டால் மூக்குத்தியின் திருகாணி கிடைக்கலாம்.

இரண்டாவது, காவல் காக்க வேண்டாம். நிலம் வாங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு சாண் வரப்பை உங்கள் பக்கம் தள்ளுவார். தங்கம் வாங்கினால் அதைப் பூட்ட பீரோ, பீரோவைப் பூட்ட வீடு, வீட்டைப் பூட்டிவிட்டு எந்த விசேஷத்துக்கும் போக முடியாத ஒரு வாழ்க்கை. சீட்டுப் போட்டால், சீட்டுப் பிடிக்கிறவர் ஊரில்தான் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவர் தெரு வழியாகவே தினமும் நடைப்பயிற்சி போகவேண்டும். டாலரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏனென்றால் நாங்கள் வாங்கி விற்றது டாலரையே அல்ல, டாலரின் விலையை. வித்தியாசம் ரூபாயாக வரும், அல்லது ரூபாயாகப் போகும். பதினாறு வருடம் டாலர் வர்த்தகம் பார்த்த நான் ஒரு டாலர் நோட்டைக் கையால் தொட்டதில்லை.

மூன்றாவது, ஏறினாலும் சம்பாதிக்கலாம், இறங்கினாலும் சம்பாதிக்கலாம். முதலில் விற்றுவிட்டு அப்புறம் வாங்கிக் கணக்கை முடிக்கலாம். "இல்லாததை எப்படி சார் விக்கிறது?" என்று எல்லோரும் முதல் நாள் கேட்பார்கள். கேட்காத ஒரே ஆள் செட்டிகுளம் ராமசாமி. சின்ன வெங்காயம் வாங்கி மலேசியாவுக்கு அனுப்புகிறவர். நான் காகிதத்தில் படம் போட்டு விளக்க ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"காட்டுல வெங்காயம் ஊனறப்பவே வெல பேசி வித்துட்டுத்தாங்க வரேன். மொளச்சுச்சா, மழயில அழுகிப்போச்சான்னு அப்புறந்தான் பாக்குறது. இதுல என்ன அதிசயம்? உங்க டாலரு அழுவாதுல்ல?"

"அழுகாதுங்க."

"அப்ப இதுதாங்க நல்ல வெள்ளாமை."

அழுகாது என்பதை நாலாவது பாயிண்ட்டாக அவர் கணக்கிலேயே எழுதிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் ரேவதிக்காகச் சேர்த்தேன். விலை நமக்கு எதிராகப் போனால், போட்டது இரண்டாயிரம்தான் என்றாலும் அடி எண்பதாயிரத்தின் கணக்கில் விழும். அப்புறம் இந்தப் பிள்ளைகள் போனில் பார்க்கிற வெளிநாட்டு ஆப்கள், இருபத்து நாலு மணி நேரமும் எந்த நாட்டுப் பணத்தையும் வாங்கி விற்று விளையாடு என்கிறவை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது. பணம் போனால் புகார் சொல்ல ஒரு கதவுகூட இருக்காது.

ஐந்தாவது பாயிண்ட்: நினைத்த நொடியில் வெளியே வந்துவிடலாம். நிலத்தை விற்க வருடக்கணக்காகும். வீட்டை விற்க அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும். டாலரை விட்டு வெளியே வர ஒரு வார்த்தை போதும். அதற்கப்புறம் உங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதை எழுதி முடித்தவன் இரண்டு நாள் காகிதத்தைத் தொடவில்லை. காரணம் சொன்னால் அது கட்டுரை ஆகிவிடும். ரேவதி மன்னிக்கவேண்டும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் பத்து நாள் வகுப்பு, கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை, பாஸ். கற்றுக்கொண்டது எல்லாம் பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், உரக்கடைக்கு மேலே இருந்த மாடி ஆபீஸில்தான். அமெரிக்க டாலரை நான் யூரியா வாசனை இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

ஆபீஸ் கலியபெருமாள் சாருடையது. பெரிய புரோக்கர் கம்பெனி ஒன்றின் கிளை உரிமம் எடுத்து நடத்தினார். அதற்கு முன் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் தட்டிப் பழகியவர். அதே கண்டிப்பை எங்கள் மேல் காட்டினார். வாடிக்கையாளர் போனில் ஆர்டர் சொன்னால், நாங்கள் அவர் பெயர், கணக்கு எண், எந்த மாதத்தில் முடிகிற டாலர் ஒப்பந்தம், எத்தனை லாட், என்ன விலை, வாங்குகிறாரா விற்கிறாரா என்று முழுவதையும் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் "ஆமாம்" என்று சொல்லும்வரை பட்டனைத் தொடக்கூடாது. "ம்" செல்லாது. "நம்ம ஜில்லாவுல 'ம்'முக்கு ஏழு அர்த்தம் இருக்கு. அதுல ஒண்ணுதான் சம்மதம்" என்பார் சார். மௌனம் அறவே செல்லாது. டாலர் ஏறும், இறங்கும் என்று எங்கள் வாயிலிருந்து எந்தக் கணிப்பும் வரக்கூடாது. ஆள் தயங்கினால் தயங்க விடவேண்டும். இப்படிச் செய்யுங்கள் என்று தூண்டிவிடுவதுதான் அவர் சட்டத்தில் பெரிய குற்றம்.

எல்லாப் பேச்சும் பதிவாகும். சந்தை ஐந்து மணிக்கு முடிந்ததும், அன்று வர்த்தகம் செய்த ஒவ்வொருவரையும் நாங்கள் திரும்ப அழைத்து, நடந்ததைப் படித்துக்காட்டி மறுபடியும் "ஆமாம்" வாங்கவேண்டும். எல்லாருக்கும் எஸ்எம்எஸ் போகிற காலத்திலும் சார் அந்தப் பழக்கத்தை விடவில்லை. "எஸ்எம்எஸ் போய்ச் சேரும். புரிஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது."

மறுநாள் காலை எங்கள் கீபோர்டுக்கு அடியில் துண்டுச் சீட்டு இருக்கும். பதிவுகளைத் தனியாக உட்கார்ந்து கேட்டு, பச்சை மையில் அவர் எழுதுகிற குறிப்புகள். 'மூன்றாவது அழைப்பில் சிரித்தீர்கள். வாடிக்கையாளருக்கு அப்போது நஷ்டம்.' 'விலை சொல்லும்போது தும்மல். எண் கேட்கவில்லை. திரும்பச் சொல்லியிருக்கவேண்டும்.' பதினாறு வருடத்தில் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றாடம் நாற்பது ஐம்பது பேரோடு பேசுகிற வேலை. ஒருவர் முகமும் தெரியாது. ராமசாமியைப் போல மாடி ஏறி வந்தவர்கள் மிகச் சிலர். என் மனைவி திருச்சியில் இருக்கிறாள். மகன் படிப்புக்காகப் போனவள், படிப்பு முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். சண்டையெல்லாம் இல்லை. மணிக்கு நாலு பஸ் இருப்பதால் இரண்டு பக்கமும் யாரும் அவசரப்படவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே நான் சொல்வதைப் பதிவு செய்ய எந்த மெஷினும் கிடையாது. சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது.

மரகதம் டீச்சர் முதலில் அழைத்தது ஒரு மழைக்காலத்தில்.

"டாலர் ஆபீஸா?"

"ஆமாங்க மேடம்."

"டாலர் ஏறுனா அமெரிக்காவுல இருக்கறவனுக்கு நல்லதா, கெட்டதா தம்பி?"

"இங்க பணம் அனுப்புறவங்களுக்கு நல்லதுங்க. அதே டாலருக்குக் கூட ரூபா வரும்."

"நெனச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கணக்குத் திறந்தார்.

அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில். சமையல்கட்டு மேல்தளம் ஒழுகுகிறது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். "இப்ப ரேட் சரியில்லம்மா, டாலர் கொஞ்சம் ஏறட்டும், அனுப்பறேன், நல்லா கட்டிக்கலாம்" என்றிருக்கிறான் அவன். டாலர் என்னதான் செய்கிறது என்று கூடவே இருந்து பார்க்க டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு ஒரு லாட் வாங்குவார். நாலு மணிக்கு விற்றுவிடுவார். எங்கள் திரையில் விலை கால் பைசா கால் பைசாவாக நகரும். நாட்டில் காலணா அரையணாவெல்லாம் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கால் பைசா அங்கே மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு லாட்டுக்கு அது இரண்டரை ரூபாய். டீச்சருக்கு ஒரு நாள் முப்பது ரூபாய் வரும், மறுநாள் நாற்பது போகும். எப்படியானாலும் எங்கள் கமிஷன் போகும்.

"இப்படியே பண்ணினா கமிஷன்தான் டீச்சர் மிச்சம்" என்று ஆரம்பத்தில் ஒரு நாள் சொன்னேன்.

"கணக்கு டீச்சர்கிட்ட கணக்கு சொல்லாத."

அதற்கு மறுநாள் கீபோர்டுக்கு அடியில் சீட்டு: 'அறிவுரை கூறினீர்கள். நம் வேலை அல்ல.'

ஐந்து மணிக்கு மேல் உறுதி செய்ய அழைப்பேன். நாற்பது நொடியில் முடியவேண்டிய பேச்சு.

"எஸ்எம்எஸ் வந்துச்சுங்களா டீச்சர்?"

"வந்துச்சு. நீ படி."

படிப்பேன். "ஆமாம்" சொல்லுங்கள் என்பேன்.

"ஆமாம், ஆமாம், ஆமாம். ஒரு நாளைக்கு எத்தன தடவடா கேப்ப? என் கல்யாணத்துலகூட யாரும் என்னை ஒரு தடவ கேக்கல."

அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். அவரிடம் கணக்கில் மூன்று தடவை ஃபெயிலான பையன் சொந்தமாக ஆறு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுவது, பக்கத்து வீட்டு ஆடு ரோஜாச்செடியைத் தின்றது. ரயில் போகும்போது இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். பின்னணியில் குக்கர் விசில் கேட்டால் மூன்றாவது விசிலில் நானே, "அடுப்ப அணைங்க டீச்சர்" என்பேன். இரவு மெஸ் குழம்பைப் பற்றி நான் புலம்பப்போக, வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு நாள் விலாவாரியாகச் சொன்னார். நானும் முழுவதும் கேட்டேன். வீட்டில் அடுப்பே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

சீட்டு வந்தது. 'மரகதம் அம்மாள்: ஒரு லாட். பேசியது பதினொரு நிமிடம். மீதிப் பத்து நிமிடம் இருபது நொடி யாருடைய கணக்கு?'

வேலை போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் பதினொரு நிமிடம்தான் ஆனது, குறைக்க முடியவில்லை. மறுநாள் பயந்துகொண்டே கீபோர்டைத் தூக்கினேன். பச்சை மையில் இப்படி இருந்தது: 'மோர்க்குழம்புக்கு வெந்தயம் தாளிக்க வேண்டும். அம்மாள் அதை விட்டுவிட்டார்.'

சாரின் மனைவி இறந்து ரொம்ப வருடம் ஆகியிருந்தது. அவர் அந்தப் பதிவுகளை எதற்காக முழுவதும் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் டீச்சரிடம் வெந்தய விஷயத்தை, சொன்னது யார் என்று சொல்லாமல், சொன்னேன். "வெந்தயமா? அது தஞ்சாவூர்க்காரங்க பண்ற வேலை" என்றார். சார் அதையும் கேட்டிருப்பார். பதில் எழுதவில்லை. அவருக்குத் தஞ்சாவூர்.

இப்படியே நாலு வருடம் போனது. அந்த நாலு வருடத்தில் டாலர் நன்றாகவே ஏறியது. அதைப் பற்றி டீச்சர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. அவன் பாக்கலபோல." சொன்ன மறுநொடியே ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் வரவோ செலவோ நிஜமாகவே இருக்கிறவர்களுக்குத்தான் இந்தச் சந்தை, சும்மா ஏற்ற இறக்கத்தில் விளையாட அல்ல என்று ரிசர்வ் வங்கி திட்டமாகச் சொல்லிவிட்டது. தேவை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், போடாதவர் இருக்கிற லாட்டை விற்றுவிட்டு வெளியேறவேண்டும் என்று எங்கள் கம்பெனி ஒரு பக்கத்தில் ஒரு பாரம் அனுப்பியது. ராமசாமிக்குக் கவலையில்லை, வெங்காயம் நிஜமாகவே மலேசியா போகிறது. மற்றவர்கள் துபாய் மச்சானையும் சிங்கப்பூர் சித்தப்பாவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

"கையெழுத்து வாங்குங்க. காரணம் சொல்லிக் குடுக்காதீங்க" என்றார் கலியபெருமாள் சார்.

டீச்சருக்குத் தபாலில் போன பாரம் திரும்பி வரவில்லை. போனில் கேட்டால், "எங்கயோ வெச்சேன்" என்றார். கடைசித் தேதி நெருங்கியது. சந்தை இல்லாத ஒரு சனிக்கிழமை மதியம், புதுப் பாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு நானே அரியலூர் பஸ் ஏறினேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு நான் போன ஒரே தடவை அதுதான். போனில் சொல்ல முடியாத ஒன்றை நேரில் சொல்லிவிடலாம் என்பதுதான் என் திட்டம். போனில் சொன்னால் பதிவாகிவிடும்.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் போய்ச் சேர்ந்தது. குரலை வைத்து நான் உயரமான, பெரிய உருவத்தைக் கற்பனை செய்திருந்தேன். கதவைத் திறந்தவர் என் தோளுக்குக்கூட வரமாட்டார்.

"பெரம்பலூர்லேருந்து வரேன் டீச்சர்."

ஒரு நிமிடம் பார்த்தார். "நீயா? ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன்."

வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். படியில் அவர் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினோம், பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. தினமும் பதினொரு நிமிடம் பேசிக்கொண்டவர்கள் நாங்கள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இருவரும் ஒரு ரயில் வந்தால் தேவலை என்பதுபோலத் தண்டவாளப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாரத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். 'ஓராண்டில் எதிர்பார்க்கும் வெளிநாட்டு வரவு' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதுல என்ன எழுதணும்?"

இதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். "உங்க பையன் அமெரிக்காவுல இருக்காரே டீச்சர். மாசம் இவ்வளவு டாலர் வருதுன்னு ஒரு தொகையப் போடுங்க. யாரும் ரசீது கேக்கப்போறதில்ல."

"வருதா?"

"எல்லாரும் அப்படித்தாங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

"எல்லாரையும் வுடு. எனக்கு வருதான்னு கேட்டேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். பதினாறு வருடம் யாரையும் எதற்கும் தூண்டாதவன், ஆள் தயங்கினால் தயங்க விட்டவன், அன்று விடவில்லை.

"ஒரு நூறு டாலர்னாவது போடுங்க டீச்சர்."

"எதுக்கு?"

"கணக்கு ஓடணும்ல?"

"ஓடி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கணக்கு ஓடினால் நான் அஞ்சேகாலுக்கு உங்களைக் கூப்பிடலாம், நாள் முழுவதும் நாற்பது பேரோடு பேசினாலும் நான் பேசுவது அப்போது ஒருமுறைதான் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வரவில்லை. கமிஷன் வேண்டுமானால் குறைக்கச் சொல்கிறேன் என்று வாய் ஏதோ உளறியது.

டீச்சர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். பாரத்தை மடியில் வைத்து, அந்தக் கட்டத்துக்குள் 'இல்லை' என்று எழுதினார். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை. கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற எழுத்து. அதற்கு அடியில் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

"இந்தா. இதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

"ஆமாங்க."

"சரி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அந்தக் காகிதத்தை மடியில் வைக்க முடியாமல் கையிலேயே பிடித்திருந்தேன். மகனிடமிருந்து எதுவும் வரவில்லை என்பது நாலு வருடமாக டீச்சருக்குத் தெரியும். ஆனால் டாலர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஒரு பேச்சு மிச்சம் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு அதைக் கொஞ்சம் நீட்டித்துக்கொண்டிருந்தார். நான் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டத்தைக் காட்டி, அவர் கையாலேயே எழுத வைத்துவிட்டேன். அதுவும் என் பேனாவை வைத்து.

வெள்ளிக்கிழமை வாங்கிய ஒரு லாட்டை வழக்கத்துக்கு மாறாக டீச்சர் விற்காமல் வைத்திருந்தார். திங்கள்கிழமை அதை விற்றுக் கணக்கை முடித்தார். ஐந்தேகாலுக்கு அழைத்தேன். பெயர், எண், மாதம், லாட், விலை எல்லாம் படித்தேன்.

"ஆமாம்" என்றார். ஒரே தடவை.

நன்றி சொல்லி வைக்கவேண்டும் என்பது விதி. சொல்லி வைத்தேன்.

மறுநாள் சீட்டில் 'நாற்பது நொடி. விதிப்படி சரி' என்று இருந்தது. அதற்குக் கீழே சார் இன்னொரு வரி எழுதி, எழுதியது தெரியாதபடி அடித்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ராமசாமி ஒருவரின் வெங்காயத்தை வைத்து ஒரு ஆபீஸை நடத்த முடியாது. கலியபெருமாள் சார் எங்கள் கணக்கை ஒரு பைசா குறையாமல் தீர்த்துவிட்டு மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனார். ரேவதி திருச்சி போனாள். மாடியில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

டீச்சரின் எண் எனக்கு மனப்பாடம். இப்போது என் போனில் பதிவும் இல்லை, விதியும் இல்லை. ஆனாலும் அழைக்கவில்லை. எதற்காக அழைக்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? டாலர் என்ன விலை என்று சொல்ல எஸ்எம்எஸ் போதும். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதிய பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன். எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் திரும்புவேன். டீக்கடைக்காரர் என்னை டைம் கீப்பர் என்று நினைத்து ஒருநாள் துறையூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தெரிந்திருந்தது, சொன்னேன்.

ஐந்தாவது பாயிண்ட்டை எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் மதியம் அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நாலு இடத்தில் நினைத்தேன். நாலு இடத்திலும் கண்டக்டர், "ஆளு இருக்கா? எறங்குங்க, எறங்குங்க" என்று அவசரப்படுத்த, நான் எழுந்திருப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கேட்டில் கை வைத்ததும் உள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நாந்தான் டீச்சர். பெரம்பலூர்."

டீச்சர் வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். கேட்டைத் திறக்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

"மறுபடி பாரமா?"

"இல்லீங்க. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"என்ன வேலை? ஆபீஸத்தான் மூடிட்டாங்களாமே."

"ஒருத்தரப் பாக்கணும்…"

"பொய் சொன்னா உனக்குக் கொரல் கம்மும். போன்லயே தெரியும்."

ஒரு சரக்கு ரயில் போனது. நீளமான ரயில். பழைய பழக்கத்தில் இருவரும் அது கடக்கக் காத்திருந்தோம். கடைசிப் பெட்டி போனதும் அவர் அதே இடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றேன்.

கொக்கியை எடுத்தார்.

"அப்ப உள்ள வா."